உப்பு இல்லாத பட்டியல்

சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம்
ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்.
மூன்று மழைக்காலம். மூன்று பேனா.

நீல மையில் முதல் வருஷம்:
துவரம்பருப்பு ஐந்து கிலோ, பச்சரிசி பத்து,
கொண்டைக்கடலை, ராஜ்மா, சோயா உருண்டை,
ஃப்ரிட்ஜில் இட்லி மாவு மூன்று பாக்கெட்.
மொத்தம் பதினேழு வகை.
எண்ணிப் பார்த்துவிட்டு
நிம்மதியாகத் தூங்கினேன்.

மடிப்பாக்கத்தில் தண்ணீர் ஏறிய அன்று
கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள்.
இண்டக்‌ஷன் அடுப்பு வெறும் கறுப்புப் பலகை.
இரண்டாம் நாள் காலை
மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் கதவைத் தள்ளிக்கொண்டு
தரைக்கு இறங்கி வந்தது.
தெருவில் இடுப்பளவு தண்ணீர்.
வீட்டில் அரை கேன்.
கடலையை ஊறப்போடுவதா, குடிப்பதா என்று
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
நானும் இளம்பரிதியும் சண்டை போட்டோம்.
கல்யாணமான நாளிலிருந்து
அவ்வளவு தாழ்ந்த குரலில் நாங்கள்
சண்டை போட்டதே இல்லை.

கீழ்வீட்டு மெகருன்னிசா
பிள்ளைகள் இருவரோடு படியேறி வந்தாள்.
ஒரு கையில் சர்டிஃபிகேட் ஃபைல்.
இன்னொரு கையில் உப்பு ஜாடி.
"கைக்கு எட்டினத எடுத்தேன்" என்றாள்,
ஏதோ தப்பு செய்தவள்போல.

மாடி அறைப் பையன்களின் குட்டி சிலிண்டரில்
கஞ்சி கொதிக்கும்போதுதான் தெரிந்தது,
என் வீட்டில் உப்பு தீர்ந்து
ஒரு வாரம் ஆகியிருந்தது.
நான்கு நாள்
ஒன்பது பேர் நாக்கும்
அந்த ஜாடியை நம்பிக் கிடந்தன.
ஜாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
அவள் கேட்கவில்லை.

சிவப்பு மையில் அடுத்த வருஷம்:
உப்பு. கீழே இரண்டு கோடு.
அவல், பொட்டுக்கடலை, பேரீச்சை, வெல்லம்,
அடுப்பைக் கேட்காத பண்டங்களாகப் பார்த்து.
அந்த வருஷம் மழை
ஊரைத் தொட்டும் தொடாமலும் போனது.
ரவைக்குள் வண்டுகள்
எங்களைவிட ஒழுங்காக
மூன்று வேளையும் சாப்பிட்டன.
தை முழுக்க அவல் உப்புமா. மாசியிலும் அவல் உப்புமா.
இளம்பரிதி தட்டைப் பார்த்து
"வெள்ளமே வந்திருக்கலாம்" என்றான்.
பழையதை முன்னால் நகர்த்து,
புதியதைப் பின்னால் வை என்று
கதவில் அவனே எழுதினான்,
கோணல் எழுத்தில்.

போன வருஷம் பேனா கிடைக்கவில்லை, பென்சில்.
ரெட் அலர்ட் என்றார்கள்.
வேளச்சேரி மேம்பாலத்தில்
கார்கள் வரிசையாக ஏறி நின்றன,
மேட்டுக்கு ஒதுங்கும் மாடுகள்போல.
செல்வநாயகம் ஸ்டோர்ஸில் ரேக்குகள் காலி.
பால் பவுடர் ஏழு பாக்கெட் மிச்சம்.
ஏழையும் எடுத்தேன்.

பில் போடும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.
"அண்ணே, பால் பவுடர் சின்னது ஒண்ணு?"
கடைக்காரர் என் கூடையைப் பார்த்தார்.
பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.
நான் ஜிபே திறந்து
போட்ட தொகையையே திரும்பவும் போட்டேன்.
முகத்தைப் பார்க்கவில்லை.
கண்ணில் விழுந்தது கை மட்டும்:
நகக்கண்ணில் சிமெண்ட்,
நாலாக மடித்த இருபது ரூபாய்.

விடிவதற்குள் மழை
நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது.
சுள்ளென்று வெயில்.
பாலத்திலிருந்து கார்கள் இறங்கின.
பால்காரர் வழக்கம்போல
ஐந்தே முக்காலுக்குப் பையை மாட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் பவுடர் பால் யாருக்கும் பிடிக்காது.
மெகருன்னிசாவின் சின்னவன்
ஒரு வாய் குடித்துவிட்டு
"சுண்ணாம்பு" என்றான்.

ஒரு பாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
கீழ்க்கட்டளை சிக்னலில்,
கட்டடம் எழும்பும் தெருக்களில்
பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.
எல்லாக் கைகளிலும் சிமெண்ட் இருக்கிறது.

மார்ச்சோடு தேதி முடிந்தது.
அழுத்தினால் கட்டியாக நெருடுகிறது.
போன வாரம் பழைய பை அறுந்து
புதுப் பை வாங்கினேன்.
சாவி, சீப்பு, பஸ் பாஸ் என்று
ஒவ்வொன்றாக மாற்றும்போது
அதையும் எடுத்து உள்ளே வைத்தேன்.